பொது மலர்ப்பாத்திகளில் தேனீக்களுக்கு இடம்: சேவைச் சங்கக் கூட்டத்தில் எதை முடிவு செய்ய வேண்டும்?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான். நகரின் சில பொது மலர்ப்பாத்திகளைப் பராமரிக்கும் பொறுப்பு உங்கள் சேவைச் சங்கத்திடம் இருக்கிறது. அவற்றைத் தேனீ, பட்டாம்பூச்சி முதலிய மகரந்தம் பரப்பும் உயிரினங்களுக்கு உகந்தவையாக மாற்ற வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழியப் போகிறீர்கள். பாத்தி புதர் மண்டிவிடும், தேனீ கொட்டும், வேலை கூடும் என்று சில உறுப்பினர்கள் தயங்குகிறார்கள். ஆகவே கூட்டத்தில் எதைச் சொல்வது, எந்தச் செடிகளை நடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். செடிகளைப் பற்றி விரிவாகவே சொல்லப் போகிறேன். ஆனால் இத்தகைய பாத்திகள் தவறான செடியைத் தேர்ந்தெடுத்ததால் கெடுவதைவிட, நட்டவர்கள் பொறுப்பிலிருந்து இறங்கிய பின் கவனிப்பாரின்றிக் கெடுவதே அதிகம் என்பதால், கூட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களில் நிர்வாக ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் பெரும்பாலும் அத்துடன் மாறுகிறார்கள். புதிதாக வருபவர் தமது ஆண்டுக்கென்று ஒரு புதிய திட்டத்தைத் தேடுவதும் இயல்புதான். பல்லாண்டுத் தாவரங்களின் நாட்காட்டி இதற்கு ஒத்துவருவதில்லை. அவை முதல் ஆண்டில் பெரும்பாலும் வேர் விடுவதிலேயே தம் ஆற்றலைச் செலவிடுகின்றன, இரண்டாம் ஆண்டில் படர்கின்றன, மூன்றாம் ஆண்டில்தான் பாத்தி நிறைந்து பூக்கிறது. நடவு விழாவின் புகைப்படம் ஒரு தலைவருக்கும், களை பிடுங்கும் வேலை அடுத்த இரு தலைவர்களுக்கும் வந்து சேர்கிறது. எனவே நீங்கள் கூட்டத்தில் பெற வேண்டியது செடி நடுவதற்கான ஒப்புதலைவிட, 3 ஆண்டுகளுக்குச் சங்கத்தைக் கட்டுப்படுத்தும் பராமரிப்புத் தீர்மானமே.

தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி, கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடுவது நல்லது. வாய்மொழியாக ஒப்புக்கொள்ளப்பட்டவை நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அதன் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: “சங்கத்தின் பராமரிப்பில் உள்ள மலர்ப்பாத்திகளை மகரந்தம் பரப்பும் உயிரினங்களுக்கு உகந்தவையாக மாற்றவும், நடவு நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அவற்றைப் பராமரிக்கவும், அக்காலம் முழுவதும் அவற்றில் பூச்சிக்கொல்லி எதுவும் தெளிக்காதிருக்கவும், இதற்கென மூவர் கொண்ட துணைக்குழுவை அமைத்து ஆண்டுதோறும் அதில் ஒருவரை மட்டும் மாற்றவும், மொத்த ஒதுக்கீட்டில் பாதிக்குக் குறையாத தொகையைப் பராமரிப்புக்கென்று தனியே வைக்கவும் இச்சங்கம் தீர்மானிக்கிறது.” ஆண்டுக்கு ஒருவரை மட்டும் மாற்றும் ஏற்பாடு சிறிய விஷயமாகத் தோன்றலாம். எந்தச் செடி எங்கே இருக்கிறது, எது களை, எது தானாக முளைத்த பயனுள்ள நாற்று என்று அறிந்த இருவர் குழுவில் எப்போதும் இருப்பதற்கு அது ஒன்றே வழி. அடுத்த ஆண்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பவரை இத்தீர்மானத்தை வழிமொழியச் செய்ய முடிந்தால், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

சங்கத்துக்கு வெளியே ஒரு கையெழுத்தும் தேவை. நிலம் நகராட்சியினுடையதாகவோ வேறொரு பொது நிறுவனத்தினுடையதாகவோ இருக்கும். அங்கே புல் வெட்டுபவரும் மருந்து தெளிப்பவரும் உங்கள் தீர்மானத்தைப் படித்திருக்க மாட்டார்கள். பாத்தியின் எல்லை, தண்ணீர் எங்கிருந்து வரும், யார் களை எடுப்பார்கள், கொசு மருந்துப் புகையும் களைக்கொல்லியும் அங்கே வராமல் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, வரைபடத்தையும் இணைத்து, பொறுப்பான அலுவலரிடம் ஒப்புதல் பெறுங்கள். வேலையில் நேரடியாக ஈடுபடும் தொழிலாளர்களைச் சந்தித்து, காய்ந்த தண்டுகளை ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்பதை விளக்குவது அந்த ஒப்புதல் கடிதத்தைவிடவும் பயன் தரும்.

கூட்டத்தில் காரணங்களைச் சொல்லும்போது அளவோடு பேசுவதே நல்லது. தேனீக்கள் அழிந்தால் மனித குலம் 4 ஆண்டுகளில் அழிந்துவிடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாசகம் இத்தகைய மேடைகளில் தவறாமல் ஒலிக்கும்; அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஆதாரமில்லை, கருத்தும் சரியில்லை. நெல், கோதுமை, சோளம் போன்ற தானியங்களின் மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகள் தேவையில்லை. உண்மை நிலவரமே போதிய வலுவுடையது. ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2016ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஓரளவுக்கேனும் விலங்குகளின் வழி நடக்கும் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்துள்ளன; பூக்கும் காட்டுத் தாவரங்களிலோ இந்த விகிதம் 90 சதவீதத்தை நெருங்குகிறது. பழம், காய், எண்ணெய் வித்து, கொட்டை ஆகியவற்றில் பெரும்பகுதி இதில் அடங்கும். இது சங்கத்தின் வேலையா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு: ரோட்டரி அமைப்பு சுற்றுச்சூழலைத் தனது 7ஆவது முதன்மைச் சேவைப் பிரிவாக 2021 ஜூலையிலிருந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது, லயன்ஸ் அமைப்பின் உலகளாவிய சேவை நோக்கங்களிலும் சுற்றுச்சூழல் இடம்பெற்றுள்ளது.

கொட்டும் என்ற அச்சத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. தேனீக் கொடுக்கின் நஞ்சுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் தேனீக்கள் கொட்டுவது பெரும்பாலும் தங்கள் கூட்டைக் காக்கத்தான். பூவில் தேன் தேடிக்கொண்டிருக்கும் தேனீ, கையால் நசுக்கப்பட்டாலோ வெறுங்காலில் மிதிபட்டாலோ தவிர, தானாக வந்து கொட்டுவது அரிது. உலகில் இதுவரை அறியப்பட்ட தேனீ இனங்கள் சுமார் 20,000. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தே கூடு கட்டுபவை. காக்க வேண்டிய பெருங்கூடு இல்லாத இந்தத் தனித்தேனீக்கள் மனிதர்களைச் சீண்டுவதில்லை. ஆண் தேனீ எதற்கும் கொடுக்கே கிடையாது. நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது: குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் புல்வெளியை ஒட்டியும், இருக்கைகளுக்கு மிக நெருக்கமாகவும் அடர்ந்து பூக்கும் செடிகளை வைக்காமல், நடைபாதைக்கும் பாத்திக்கும் இடையே ஓரடி, இரண்டடி இடைவெளி விட்டாலே போதும்.

பாத்தி புதராகிவிடும் என்ற இரண்டாவது அச்சத்தில் நியாயம் உண்டு. பூச்சிகளுக்கு உகந்த பாத்தி ஆண்டின் சில மாதங்களில் உண்மையாகவே காய்ந்து, சரிந்து, கலைந்துதான் இருக்கும். இதற்குத் தீர்வு பாத்தியை ஒழுங்குபடுத்துவது என்பதைவிட, அதன் ஓரத்தை ஒழுங்குபடுத்துவது என்பேன். கல்லாலோ செங்கல்லாலோ தெளிவான விளிம்பு, அதை ஒட்டிச் சீராக வெட்டப்பட்ட ஒரு பட்டைப் புல், முன்வரிசையில் குட்டையான செடிகள், பின்னே உயரமானவை, கண்ணில் படும் இடத்தில் ஒரு பலகை ஆகியவை இருந்தால், நடுவே எவ்வளவு காட்டுத்தனம் இருந்தாலும் இது யாரோ கவனத்துடன் வைத்திருக்கும் இடம் என்று வழிப்போக்கருக்குப் புரிந்துவிடும். பலகையில் சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதும் ஆசையைச் சற்றே அடக்கிக்கொண்டு, “இந்தக் காய்ந்த தண்டுகளுக்குள் தேனீக்கள் வளர்கின்றன” என்பது போன்ற ஒரு வரியைப் பெரிதாக எழுதினால் புகார்கள் குறையும்.

இனி செடிகள். அழகான பூக்களின் பட்டியலைத் தயாரிப்பதில் தொடங்கினால் பாத்தி அரைகுறையாகவே முடியும். ஒரு பூச்சிக்கு உண்ணப் பூந்தேனும் மகரந்தமும் வேண்டும். முட்டையிடவும் குஞ்சு வளரவும் இடம் வேண்டும். இவை இரண்டும் அதன் வாழ்நாள் முழுவதும் நஞ்சின்றிக் கிடைக்க வேண்டும். பெரும்பாலான நகரப் பாத்திகள் முதல் தேவையைக்கூட முழுதாக நிறைவு செய்வதில்லை.

இதற்கு முதற்காரணம் அடுக்குப் பூக்கள். ரோஜா, செம்பருத்தி போன்றவற்றில் இதழ்கள் அடுக்கடுக்காகப் பெருகுவது பெரும்பாலும் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறுவதால்தான். மனிதக் கண்ணுக்கு இரட்டிப்பு அழகாகத் தெரியும் அந்தப் பூவில் மகரந்தம் குறைவாகவோ இல்லாமலோ போகிறது. தேன் இருந்தாலும் இதழ்க் குவியலைத் தாண்டிப் பூச்சியால் அதை எட்ட முடிவதில்லை. அதே இனத்தின் ஒற்றை அடுக்குப் பூ, நடுவே மகரந்தத் தாள்கள் திறந்து தெரிய நின்றால், அதுவே பயனுள்ளது. செடி வாங்கச் செல்பவருக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லி அனுப்ப வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: பூவின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாத செடியை வாங்காதீர்கள். கண்காட்சிக்கென்று மகரந்தமே இல்லாமல் உருவாக்கப்பட்ட சில சூரியகாந்தி வகைகளும் சந்தையில் உண்டு. வெட்டிப் பூச்சாடியில் வைப்பதற்கு ஏற்ற அவற்றைப் பாத்திக்கு வாங்கிவிட வேண்டாம்.

நிறமும் வடிவமும் அடுத்தவை. தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்பதை ஆஸ்திரிய அறிவியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914ஆம் ஆண்டு வாக்கில் வண்ண அட்டைகளைக் கொண்டு நிறுவினார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். தேனீக்கள் புறஊதா ஒளியைக் காண்கின்றன, தனிச் சிவப்பை நிறமாக உணர்வதில்லை. நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை நிறப் பூக்களை அவை எளிதில் கண்டுகொள்கின்றன. சிவப்புக் குழல் பூக்கள் பறவைகளையும் பல பட்டாம்பூச்சிகளையும் ஈர்க்கின்றன. மாலையில் மலர்ந்து மணக்கும் வெண்ணிறப் பூக்கள் அந்துப்பூச்சிகளுக்கானவை. நீண்ட குழல் கொண்ட பூ நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பூச்சிக்கே பயன்படும். கொத்தமல்லி, சோம்பு குடும்பத்தின் குடை போன்ற பூங்கொத்தோ சிறு தேனீக்கள், ஈக்கள், குளவிகள் என எல்லோருக்கும் திறந்திருக்கும். ஆகவே ஒரே வடிவப் பூக்களால் பாத்தியை நிரப்புவது ஒரே வகை விருந்தாளிகளை மட்டும் அழைப்பதாகும்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. தக்காளி, கத்தரி, கொன்றை இனச் செடிகள் பலவற்றில் மகரந்தப் பை முழுதாக வெடித்துத் திறப்பதில்லை. உப்புப் புட்டியின் மூடியைப் போல நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும். அதிலிருந்து மகரந்தம் உதிர வேண்டுமானால் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கைகளை விரிக்காமலேயே பறக்கும் தசைகளை அதிரவைத்துப் பூவை உலுக்க வேண்டும். கரிய உடலுடைய தச்சுத் தேனீ, நீலப்பட்டைத் தேனீ, குளிர்நாடுகளின் பம்பிள் தேனீ ஆகியவற்றுக்கு இது கைவந்த கலை. தேன்கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இது தெரியாது. ஆவாரை போன்ற ஒரு செடியைப் பாத்தியில் சேர்த்துவிட்டுக் காலையில் அருகே நின்றால், தச்சுத் தேனீ பூவில் அமர்ந்ததும் அதன் ரீங்காரம் சட்டென்று சுருதி உயர்வதைக் கேட்கலாம். பள்ளி மாணவர்களை அழைத்து வந்து காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

எந்தப் பருவத்திலும் குறைந்தது மூன்று இனங்களாவது பூத்திருக்குமாறு தேர்ந்தெடுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் பூத்து ஓயும் பாத்தி புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அடுத்த மாதம் பூச்சிகள் பட்டினி கிடக்கும். ஒரு தாளில் 12 மாதங்களையும் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு செடியும் எந்த மாதங்களில் பூக்கிறது என்று நிரப்பினால் வெற்றிடங்கள் உடனே தெரிந்துவிடும்; கூட்டத்தில் காட்டவும் அந்த ஒரு தாள் போதும். நடும்போது ஒவ்வோர் இனத்தையும் ஆங்காங்கே ஒன்றிரண்டாகச் சிதறவிடாமல், ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலக் கொத்தாக நடுங்கள். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே இனப் பூக்களையே நாடிச் செல்லும் வழக்கமுடையது; அரிஸ்டாட்டிலே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கொத்தாக இருந்தால் அதன் அலைச்சல் குறைகிறது, தொலைவிலிருந்தும் பாத்தி கண்ணில் படுகிறது.

இனி, கூட்டத்தில் எதிர்ப்பு வரக்கூடிய பகுதி. பட்டாம்பூச்சி வேண்டும் என்பவர்கள் புழுவையும் ஏற்றாக வேண்டும். பட்டாம்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும், ஆனால் அதன் புழு குறிப்பிட்ட சில செடிகளின் இலையை மட்டுமே தின்னும். மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு பால்பெருக்கும் மில்க்வீட் வகைச் செடிகளில் மட்டுமே வளர்கிறது. அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த எருக்கு, வெப்ப நாடுகளில் காணப்படும் அதன் உறவினப் பட்டாம்பூச்சிகளுக்கு உணவாகிறது. எலுமிச்சைக் குடும்பச் செடிகளும் ஆடுதின்னாப்பாளையும் அழகிய வால்கொண்ட பட்டாம்பூச்சி இனங்கள் சிலவற்றை வளர்க்கின்றன. இந்தச் செடிகளின் இலைகள் ஓட்டை விழுந்தும் சில சமயம் மொட்டையாகியும் நிற்கும். அதுதான் அவை பயன்படுகின்றன என்பதற்கு அடையாளம். அவற்றைப் பாத்தியின் நடுவிலோ பின்னாலோ வைத்துவிட்டால் யார் கண்ணையும் உறுத்தாது. எருக்கின் பால் கண்ணில் பட்டால் தீங்கு செய்யும் என்பதால் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அது வேண்டாம்.

உள்ளூர்த் தாவரங்களே சிறந்தவை என்பது பொதுவாகச் சரி. இலை தின்னும் புழுக்களைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய கட்டாயம். தேனுக்காக வரும் பூச்சிகளைப் பொறுத்தவரை அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. துளசி இனச் செடிகள், சூரியகாந்தி, லாவெண்டர் போன்றவை தம் தாயகத்துக்கு வெளியேயும் தேனீக்களால் நாடப்படுகின்றன. ஆனால் பரவிப் பெருகி அக்கம்பக்கத்தை ஆக்கிரமிக்கும் அயல் இனங்களைப் பட்டாம்பூச்சி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக நடக் கூடாது. உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பது உண்மைதான். அது பல நாடுகளின் காடுகளை மூடிவிட்டதும் அதே அளவுக்கு உண்மை.

உறைவிடம் பற்றிப் பெரும்பாலான சங்கங்கள் யோசிப்பதே இல்லை, யோசித்தால் உடனே மூங்கில் குழல்களை அடுக்கிய ஒரு தேனீ விடுதியைச் செய்து மாட்டுகின்றன. உலகின் தேனீ இனங்களில் சுமார் 70 சதவீதம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. அவற்றுக்கு வேண்டியது வெயில் படும், தண்ணீர் தேங்காத, எதனாலும் மூடப்படாத வெறும் மண். களை வராமலிருக்கப் பாத்தி முழுவதும் கனமான மூடாக்கோ துணியோ போட்டால் இந்தத் தேனீக்களுக்குக் கதவு சாத்தப்படுகிறது. பாத்தியின் வெயில் படும் பக்கத்தில் ஒரு பகுதியை மூடாமலும் கொத்தாமலும் விட்டுவிடுங்கள். மீதமுள்ள இனங்களில் பல தண்டுகளின் துளைக்குள் முட்டையிடுபவை. பூத்து முடிந்த செடிகளைத் தரையோடு வெட்டாமல் ஒரு முழம் உயரத்துக்கு அடித்தண்டுகளை விட்டால் அவற்றுக்கு அதுவே வீடு. தேனீ விடுதி வைத்தே ஆக வேண்டுமென்றால், குழல்கள் 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை வெவ்வேறு விட்டத்திலும், சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்திலும், ஒருமுனை அடைபட்டும் இருக்க வேண்டும். குழல்களை ஆண்டுதோறும் மாற்றவோ சுத்தம் செய்யவோ வேண்டும். இல்லையெனில் உண்ணிகளும் ஒட்டுண்ணிகளும் பெருகி, விடுதி நோய்க்கூடமாகிவிடும்.

பூச்சிக்கொல்லி இல்லை என்ற விதி நாற்றுப்பண்ணையிலேயே தொடங்க வேண்டும். இமிடாகுளோப்ரிட், குளோதியானிடின், தயாமீத்தாக்சம் முதலிய நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் செடியின் உடல் முழுவதும் ஊடுருவி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலந்துவிடுகின்றன. இலையைக் கழுவினால் போவதில்லை. இம்மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. எனவே செடி வாங்கும்போது விதைக்கோ வேர்மண்ணுக்கோ இவை இடப்பட்டனவா என்று கேட்டு, இடப்படவில்லை என்பதை எழுத்தில் பெறுங்கள். அது முடியாதென்றால் விதையிலிருந்தே நாற்றுகளை வளர்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களின் வீடுகளில் அதைச் செய்தால் திட்டத்தோடு அவர்களுக்கு ஒரு பிணைப்பும் உண்டாகும். இயற்கை மருந்து என்று சொல்லப்படுபவையும் விதிவிலக்கல்ல: புழுக்களைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா பட்டாம்பூச்சிப் புழுவையும் கொல்லும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பெருகினால் தண்ணீரைப் பீய்ச்சியடித்து விலக்கலாம், அல்லது சற்றுப் பொறுக்கலாம். தேனீயைப் போலவே பட்டைகளுடன் காற்றில் ஓரிடத்தில் நின்று பறக்கும் ஒருவகை ஈக்களின் புழுக்கள் அந்த அசுவினியைத்தான் தின்று வளர்கின்றன.

தேனீப் பெட்டிகளை வாங்கி வைக்கலாமே என்று கூட்டத்தில் யாரேனும் கேட்பார். நல்லெண்ணத்தில் வரும் யோசனைதான், ஆனால் இந்தத் திட்டத்துக்குப் பொருந்தாது. வளர்ப்புத் தேனீ ஒரு கால்நடையைப் போன்றது. ஒரு பெட்டியில் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும், அவை பல கிலோமீட்டர் பறந்து சென்று உணவு தேடும். சிறு தனித்தேனீக்களோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே வாழ்ந்து முடிப்பவை. குறைந்த பூக்கள் உள்ள இடத்தில் பெட்டியை வைத்தால் அந்தப் பாத்தி யாருக்காக உருவாக்கப்பட்டதோ அவற்றின் உணவையே பறிப்பதாகும். அந்தச் சில நூறு மீட்டர் என்ற அளவு இன்னொன்றையும் சொல்கிறது: ஒரே இடத்தில் பெரிய பாத்தி அமைப்பதைவிட, பூச்சிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் தொலைவில் பல சிறு பாத்திகள் இருப்பது நகரத்துக்குப் பொருத்தமானது.

பாத்தியின் மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதை வேறு பக்கம் திருப்ப முடியுமா என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், விளக்கொளி பட்ட புல்வெளிகளில் பூக்களுக்கு இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்திருந்தது. குடிநீருக்குக் கூழாங்கற்கள் இட்ட ஆழமற்ற ஒரு தட்டு போதும். கொசு பெருகாதிருக்க அதன் நீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

நடவுக்கு நாள் குறிக்கும்போது மே 20 என்று யாராவது சொல்லலாம். ஐக்கிய நாடுகள் அவை 2017இல் அறிவித்த உலகத் தேனீ நாள் அது. மே மாதம் கடுங்கோடையாக இருக்கும் இடங்களில் அன்று நட்டால் பாதி நாற்றுகள் கருகும். மழை தொடங்கும் பருவமே நடவுக்கு ஏற்றது, மே 20ஐப் பாத்திக்கு வரும் பூச்சிகளை எண்ணும் கணக்கெடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவதற்கு முன் களைகளை வேரோடு ஒழிப்பதில் அவசரம் கூடாது. வெயில் மிகுந்த பருவத்தில் நனைத்த மண்ணைக் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளால் 6 வாரங்கள் அளவுக்கு மூடிவைத்தால் பெரும்பாலான களை விதைகள் வெந்து மடியும். முதல் ஆண்டில் தண்ணீரும் களையெடுப்பும் தவறக் கூடாது. உரத்தை அள்ளிப் போட வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும், அசுவினி கூடும்.

திட்டம் வேலை செய்கிறதா என்பதை அடுத்தடுத்த நிர்வாகிகளுக்குக் காட்ட எண்ணிக்கைதான் உதவும். காற்று அதிகமில்லாத வெயில் நாளில், அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரத்தைப் பாத்தியில் வைத்து, அதிலுள்ள பூக்களுக்கு 10 நிமிடங்களில் எத்தனை பூச்சிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். இனப்பெயர் தெரிய வேண்டியதில்லை. தேனீ, பட்டாம்பூச்சி, ஈ, வண்டு, பிற என்று பிரித்தால் போதும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில் எண்ணி, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டத்தில் வாசித்து நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். மாற்றத்துக்கு முன்னிருந்த எண்ணிக்கை இல்லாமல் பின்வருவதை எதனுடனும் ஒப்பிட முடியாது. ஆகவே இப்போதுள்ள பழைய பாத்திகளிலேயே முதல் கணக்கை எடுத்து, அந்தத் தாளையும் 12 மாதப் பூப்பட்டியலையும் தீர்மானத்தின் வரைவோடு இணைத்துக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.